ஸ்டைல் மாறும் நாள்: ஒரு பின்னலாடை லைனில் திரும்பிப் பார்க்கும் கூட்டம் நிலைத்த விதம்

பின்னணி

திருப்பூரில் ஏற்றுமதிக்கு டி-சர்ட் தைக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்று. ஆறு தையல் லைன்கள். இந்தப் பதிவு அவற்றில் ஒரு லைனைப் பற்றியது. அந்த லைனில் 32 பேர்: டெய்லர்கள் 22, கைமடி உள்ளிட்ட உதவியாளர்கள் 6, லைன் முடிவில் செக்கிங் 2, கட்டிங்கிலிருந்து பண்டல் கொண்டுவந்து போடும் ஃபீடர் ஒருவர், சூப்பர்வைசர் ஒருவர். மெக்கானிக் இரண்டு லைனுக்கு ஒருவர். டெய்லர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மற்றவர்கள் உள்ளூர்க்காரர்களும் தென்மாவட்டத்துக்காரர்களும். எல்லோருக்கும் ஷிப்ட் கூலி, சனிக்கிழமை சம்பளம்.

முன்பெல்லாம் ஒரே ஸ்டைல், அதாவது ஒரே ஆடை வடிவம், பதினைந்து இருபது நாள் ஓடும். லைன் ஒரு முறை செட் ஆகிவிட்டால் பிறகு கவலையில்லை. ஆர்டர்கள் சிறுத்து 1,500 முதல் 3,000 பீஸ் வரை என்றானபோது ஒரு ஸ்டைல் மூன்று முதல் ஐந்து நாளில் முடியத் தொடங்கியது. வாரம் ஒரு முறையாவது லைன் புதிதாகப் பிறக்க வேண்டிய நிலை. எட்டரை மணி நேர ஷிப்டில் 700, 750 பீஸ் எடுக்கும் லைன், ஸ்டைல் மாறும் நாளில் 200 தாண்டுவதே பெரும்பாடு.

நிறுவனம் ‘மாற்று நேரம்’ என்று ஒன்றைக் கணக்கிட்டது. பழைய ஸ்டைலின் கடைசி நல்ல பீஸ் லைனை விட்டு வெளியேறிய நேரத்திலிருந்து, புதிய ஸ்டைல் மணிக்கு 90 பீஸ் என்ற இலக்கில் முக்கால் பங்கை எட்டும் முதல் மணி நேரம் வரையான வேலை நேரம் அது. தொடக்கத்தில் இது சராசரியாக 11 மணி நேரம்.

ஏற்கெனவே நடந்த முயற்சி

இந்தப் பதிவில் வரும் நிகழ்வுகளுக்கு முன்பே ஒரு சீர்திருத்தம் நடந்திருந்தது. வெளியிலிருந்து வந்த ஆலோசகர் மூன்று மாதம் தளத்தில் நின்று வேலை பார்த்தார். அவர் கையாண்டது ஷிகேயோ ஷிங்கோவின் வழி. டொயோட்டா ஆலையில் 1,000 டன் பிரஸ் ஒன்றின் அச்சு மாற்ற நான்கு மணி நேரம் ஆனதை முதலில் ஒன்றரை மணிக்கும், பிறகு மூன்று நிமிடத்துக்கும் இறக்கிக் காட்டியவர் ஷிங்கோ. மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது, மெஷின் ஓடும்போதே செய்து வைத்துக்கொள்ளக்கூடிய வேலை எது என்று பிரித்து, முடிந்த அளவு எல்லாவற்றையும் இரண்டாவது பக்கம் தள்ளுவதுதான் அந்த முறையின் உயிர்.

தையல் லைனுக்கும் அது பொருந்தியது. நூல் கோன்களை முன்கூட்டியே எடுத்து வைத்தல், மெஷின் வரிசையை முந்தைய நாளே தாளில் வரைந்து கொடுத்தல், உபரி மெஷின் ஒன்றைத் தயார் நிலையில் நிறுத்தல் என்று பல மாற்றங்கள் வந்தன. புதிய ஸ்டைலை லைனில் ஏற்றும்போது சரிபார்க்க 31 வரிகள் கொண்ட லோடிங் சீட்டு ஒன்று எழுதப்பட்டது. மாற்று நேரம் 6 மணிக்கு இறங்கியது. ஆலோசகர் போன நான்காவது மாதம் அது மறுபடி 9 மணியைத் தாண்டியிருந்தது.

தளத்தில் கண்டவை

மேலாளர்கள் முதலில் சொன்ன காரணம், “ஆளுங்க சரியில்லை, பார்த்துக்கிட்டே இருந்தாத்தான் செய்வாங்க.” ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங், வேலை முறையையும் நேரத்தையும் அளக்கும்) பிரிவைச் சேர்ந்த இருவர் மூன்று ஸ்டைல் மாற்றங்களை அருகிலிருந்து பார்த்தார்கள். கண்டது வேறு.

லோடிங் சீட்டு ஒவ்வொரு முறையும் நிரப்பப்பட்டிருந்தது. 31 வரிக்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், மாலையில் உட்கார்ந்து போட்ட டிக். அதை ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. சீட்டு எழுதப்பட்டது ரவுண்ட் நெக், போலோ என்ற இரண்டு வகை ஆடைகளை மனதில் வைத்து. அதற்குப் பிறகு கழுத்துவரை நீளும் ராக்லன் கை வந்தது, பக்கவாட்டில் வெட்டு வைத்த லேடீஸ் டாப் வந்தது, கழுத்தில் டேப் அடிக்கும் வேலை வந்தது. புது வேலைக்குத் தேவையான வரி சீட்டில் இல்லை, இருந்த வரிகளில் பாதி தேவையற்றது. சூப்பர்வைசர் அதை நம்புவதை நிறுத்தியது நியாயமே. வேலை நகர்ந்துவிட்டது, சீட்டு நின்ற இடத்திலேயே நின்றது. சீர்திருத்தம் தேய்ந்ததற்குச் சோம்பலைவிட இதுதான் பெரிய காரணம் என்பது பார்த்தவர்களின் முடிவு.

இரண்டாவது, தகவல் போகும் திசை. லைனில் எங்கே இடிக்கிறது என்று முதலில் தெரிவது டெய்லருக்கு. அது சூப்பர்வைசரிடம் நிற்கும். அன்றைய பீஸ் கணக்கு அவர் தலையில் இருப்பதால், “இன்னைக்கு எப்படியாச்சும் ஓட்டுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்” என்ற பதிலோடு முடியும். அப்புறம் என்ற நாள் வருவதற்குள் அந்த ஸ்டைலே முடிந்துவிடும். அடுத்த ஸ்டைலில் அதே தடை வேறு வடிவத்தில் வரும்.

முடிவு: இன்னொரு திட்டம் வேண்டாம்

இன்னொரு மூன்று மாதத் திட்டம் போடலாம் என்ற யோசனை வந்தது. தயாரிப்பு மேலாளர் மறுத்தார். மூன்று மாதம் கழித்து என்ன ஆகும் என்பது தெரிந்த கதை என்றார். பதிலாக, ஒவ்வொரு ஸ்டைலுக்கும் ஒரு முறை, 20 நிமிடம், லைன் தன்னைத் தானே திரும்பிப் பார்ப்பது என்று முடிவானது. கேட்கப்படும் கேள்விகள் நான்கு: என்ன நடக்க வேண்டும் என்று இருந்தோம், என்ன நடந்தது, ஏன் மாறியது, அடுத்த ஸ்டைலுக்கு என்ன செய்யப்போகிறோம். அமெரிக்க ராணுவம் 1970களிலிருந்து பயிற்சிக்குப் பிறகு நடத்திவரும் ஆய்வுக் கூட்டத்தின் வடிவம் இது. மென்பொருள் குழுக்களும் ஏறக்குறைய இதையே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செய்கின்றன.

நேரம் வைப்பதில்தான் முதல் அடி சறுக்கியது. சனிக்கிழமை மாலை ஐந்து மணி என்று வைத்தார்கள். வாரத்தைத் திரும்பிப் பார்க்க வாரக் கடைசி பொருத்தம் என்பது அலுவலகக் கணக்கு. தளத்தில் சனிக்கிழமை ஐந்து மணி என்றால் சம்பளக் கவர், ஊருக்குப் பஸ், ஞாயிறு சந்தை. இரண்டு கூட்டம் நடந்தது, இரண்டிலும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

பிறகு ஸ்டைல் ஏறிய மூன்றாம் நாள் காலை 11 மணி டீக்குப் பின் என்று மாற்றப்பட்டது. இந்தத் தேர்வுக்குத் தெளிவான காரணம் உண்டு. முதல் நாள் யாருக்கும் நிற்க நேரமில்லை. ஸ்டைல் முடிந்த பிறகு என்றால் அடுத்தது ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருக்கும். மூன்றாம் நாளில் லைன் நிதானத்துக்கு வந்திருக்கும், முதல் நாள் பட்ட பாடும் மறந்திருக்காது, அடுத்த ஸ்டைலுக்கு ஒன்றிரண்டு நாள் கையில் இருக்கும். பேசியதைச் செய்து முடிக்க அந்த ஒன்றிரண்டு நாள்தான் வேண்டும். டீயை ஒட்டி வந்ததால் தளத்தில் இதற்கு ‘டீ மீட்டிங்’ என்றே பெயர் நிலைத்தது. 20 நிமிடமும் வேலை நேரக் கணக்கில் சேரும், அன்றைய இலக்கிலிருந்து 30 பீஸ் கழிக்கப்படும் என்று எழுத்தில் கொடுக்கப்பட்டது. இந்தக் கழிவு இல்லாமல் சூப்பர்வைசரின் ஒத்துழைப்பை எதிர்பார்க்க முடியாது. எந்த மேலாளரும் இதை முதலில் விட்டுக்கொடுக்க மனம் வராமல்தான் இருப்பார்.

துணித்துண்டு முறை

திரும்பிப் பார்க்க ஏதாவது பதிவு வேண்டும். நினைவை நம்பினால் உரக்கப் பேசுபவரின் நினைவுதான் வெல்லும். எழுதச் சொன்னால் தமிழா ஹிந்தியா ஒடியாவா என்ற கேள்வி. கட்டிங் கழிவுத் துணியிலிருந்து ஒரு சாண் நீளத் துண்டுகள் நான்கு நிறத்தில் வெட்டி வைக்கப்பட்டன. ஸ்டைல் ஏறிய முதல் இரண்டு நாளில் ஒரு மெஷின் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால், அருகில் இருக்கும் உதவியாளர் ஒரு துண்டை எடுத்துக் கட்டுவார். மெஷின் கோளாறுக்கும் கேஜ் (ஊசிகளின் இடைவெளி) மாற்றத்துக்கும் சிவப்பு. நூல், லேபிள், எலாஸ்டிக் வராததற்கு வெள்ளை. பண்டல் வராதது, கலந்து வந்தது என்றால் நீலம். எப்படித் தைப்பது என்று தெரியாமல் நின்றதற்கும் பிரித்துத் தைத்ததற்கும் மஞ்சள்.

முதலில் துண்டுகள் மெஷின் ஸ்டாண்டில் கட்டப்பட்டன. மஞ்சள் துண்டு தொங்கும் மெஷினில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்க, மூன்றாவது ஸ்டைலில் மஞ்சளே வரவில்லை. ஆனால் ஆல்ட்ரேஷன் (திருத்தித் தைக்க வேண்டியவை) கூடையில் பீஸ் குறையவில்லை. அதன் பின் துண்டுகள் மெஷினை விட்டு லைன் முனையில் இருந்த பலகைக்கு மாறின. பலகையில் ஷோல்டர் ஜாயிண்ட், ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் துணி) அட்டாச், கை அட்டாச், சைடு, பாட்டம் ஹெம் என்று ஆபரேஷன் வாரியாக ஆணிகள் மட்டும். ஆளின் பெயர் இல்லை. மஞ்சள் திரும்பி வந்தது. பையர் (ஆர்டர் கொடுத்தவர்) சார்பில் கியூ.சி. (தரம் பார்ப்பவர்) வரும் நாளில் சூப்பர்வைசர் பலகையைத் திருப்பி வைப்பார். அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

முதல் இரண்டு மாதம்

32 பேரும் வட்டமாக நின்ற முதல் நான்கு கூட்டங்களில் பேசியவர்கள் மூன்று பேர்: தயாரிப்பு மேலாளர், சூப்பர்வைசர், மெக்கானிக். டெய்லர்கள் தரையைப் பார்த்தார்கள். வெளிவந்த குறைகள் பெரும்பாலும் அங்கே இல்லாத ஆளைப் பற்றியவை. கட்டிங் லேட், ஸ்டோரில் நூல் தரவில்லை, மெர்ச்சண்டைசர் (பையருக்கும் தளத்துக்கும் நடுவே ஆர்டரைக் கவனிப்பவர்) சொல்லவில்லை. நான்கு கூட்டத்தில் 19 செயல்கள் எழுதப்பட்டன. நடந்தவை மூன்று.

ஐந்தாவது கூட்டத்துக்கு முன் அமைப்பு மாற்றப்பட்டது. பங்கேற்பவர் ஒன்பது பேராகக் குறைந்தனர்: சூப்பர்வைசர், ஃபீடர், மெக்கானிக், செக்கிங்கில் ஒருவர், டெய்லர்கள் நால்வர், மெர்ச்சண்டைசிங் பிரிவிலிருந்து ஒருவர். டெய்லர்களில் இருவர் பலகையில் அதிகத் துண்டு விழுந்த ஆபரேஷன்களைச் சேர்ந்தவர்கள், இருவர் முறை வைத்து வருபவர்கள். மற்றவர்கள் லைனை ஓட்டுவார்கள். நடத்துபவர் சூப்பர்வைசர் அல்ல, ஐ.இ. பிரிவின் இளநிலை அலுவலர். தமிழும் ஹிந்தியும் பேசுபவர், லைனில் யாருக்கும் மேலதிகாரி இல்லை. தயாரிப்பு மேலாளர் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் வருவார், என்ன வேண்டும் என்று கேட்பார், போவார். உட்காருவதும் இல்லை. பலகையில் தொடங்கி, துண்டு அதிகம் விழுந்த இரண்டு மெஷின்களின் அருகே நின்று, அப்ரூவ்டு சாம்பிளைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுவது. பொருள் கையில் இருக்கும்போது பேச்சு ஆளைப் பற்றிப் போவது குறைகிறது.

செயல்கள் இரண்டுக்கு மேல் கூடாது. இரண்டும் அங்கே நிற்கும் ஒன்பது பேரில் ஒருவரால் அடுத்த ஸ்டைல் ஏறுவதற்குள் செய்து முடிக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். கூட்டத்தின் முதல் மூன்று நிமிடம் போன முறை எடுத்த இரண்டும் நடந்ததா என்பதற்கு. நடக்கவில்லை என்றால் புதிய செயல் எதுவும் ஏற்கப்படாது, நடக்காததற்கான காரணமே அன்றைய பேச்சு. இந்தக் கடைசி விதியைப் பலர் கடுமை என்றார்கள். பின்னால் பார்க்கும்போது மொத்த ஏற்பாட்டிலும் அதிக வேலை செய்தது இதுதான்.

ரிப் அட்டாச்சில் கிடைத்தது

ஆறாவது ஸ்டைல் பெண்களுக்கான ரவுண்ட் நெக் டி-சர்ட், லைக்ரா கலந்த 1×1 ரிப். முதல் நாள் ரிப் அட்டாச் ஆணியில் ஏழு மஞ்சள் துண்டுகள். கழுத்து அகலம் அளவுத்தாளைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதல். அனுமதி அரை சென்டிமீட்டர். செக்கிங்கின் முடிவு, “டெய்லர் இழுத்துத் தைக்கிறாங்க.”

கூட்டம் மெஷின் அருகே நின்றபோது அந்த டெய்லர் அம்மா சொன்னது: “பத்தாவது பீஸ்லயே தெரிஞ்சுதுங்கண்ணா. இந்த ரிப்பு சாம்பிள்ல இருக்கற ரிப்பு மாதிரி இல்லீங்க, விட்டா திரும்பி வர மாட்டேங்குது. சொன்னேன், ஓட்டுங்கன்னுட்டாங்க.” சூப்பர்வைசர் மறுக்கவில்லை.

சாம்பிளையும் தைத்த பீஸையும் பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்த்ததில் மூன்று காரணங்கள் வெளிவந்தன. சாம்பிளுக்குப் பயன்பட்ட ரிப் சிறு லாட்டில் சாயமிட்டது, பல்க் (மொத்த உற்பத்திக்கான) ரிப்பின் இழுவையும் மீள்தன்மையும் வேறு. பல்க் ரிப்பை ரோலிலிருந்து பிரித்து ஆறப்போடாமல் அன்றே வெட்டியிருந்தார்கள். ரோலில் இழுபட்டு நீண்டிருந்த துணி வெட்டிய பிறகு ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு அளவாகச் சுருங்கியது. மூன்றாவது காரணம் யாரும் எதிர்பாராதது. சாம்பிளைத் தைத்தது சாம்பிள் செக்‌ஷனின் மூத்த டெய்லர். 54 சென்டிமீட்டர் கழுத்துச் சுற்றில் 46 சென்டிமீட்டர் ரிப்பைக் கையாலேயே சமமாகப் பங்கிட்டு இழுத்துப் பிடித்துத் தைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. லைனில் மணிக்கு 90 பீஸ் ஓட்டுபவருக்கு அந்தப் பங்கீட்டைக் காட்டும் அடையாளம் எதுவும் துணியில் இல்லை. தோள்பட்டையில் ரிப் தளர்ந்தும் முன்கழுத்தில் இழுபட்டும் போனது இதனால்.

ஆலோசகரின் 31 வரியில் ‘சாம்பிள் சரிபார்க்கப்பட்டது’ என்ற வரி இருந்தது. சாம்பிள் சரியாகத்தான் இருந்தது. அதை லைனால் தைக்க முடியுமா என்பதைத்தான் யாரும் பார்க்கவில்லை.

எடுத்த இரண்டு செயல்கள்: ரிப்பிலும் கழுத்திலும் நான்கு இடத்தில் கட்டிங்கிலேயே நாட்ச் (சிறு அடையாள வெட்டு) போடுவது, ஸ்டைல் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு, பல்க் துணியில், லைனில் அந்த ஆபரேஷனைச் செய்யப்போகும் அதே டெய்லர்களை வைத்து ஐந்து பீஸ் தைத்து அளப்பது. ரிப்பை 24 மணி நேரம் பிரித்து ஆறப்போடுவது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டது. கட்டிங் பொறுப்பாளர் அங்கே இல்லாததால் அதற்குப் பொறுப்பேற்க ஆள் இல்லை. அது நடைமுறைக்கு வர மேலும் மூன்று ஸ்டைல்கள் ஆயின.

ஐந்து பீஸ் பைலட்டுக்கு ஒரு விலை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டைலின் நடுவே ஆறேழு டெய்லர்கள் சிறிது நேரம் விலக, 30 முதல் 40 பீஸ் குறையும். சூப்பர்வைசர் முதல் இரண்டு முறை எதிர்த்தார். மூன்றாவது முறை பைலட்டில் ஹெம் நூலின் நிறம் துணியோடு ஒட்டவில்லை என்று தெரியவந்தது. நூல் லேப்-டிப்புக்கு (நிறம் ஒப்புக்கொள்ள முதலில் சாயமிட்டுக் காட்டும் சிறு துண்டு) பொருத்தி வாங்கப்பட்டிருந்தது, பல்க் துணி அரை ஷேடு தள்ளி வந்திருந்தது. லைட் பாக்ஸில் டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை வெளிச்சம்) இரண்டு விளக்கிலும் வைத்துப் பார்த்து நூல் மாற்ற ஒன்றரை நாள் கிடைத்தது. லைன் ஏறிய பிறகு தெரிந்திருந்தால் அந்த ஒன்றரை நாளும் 32 பேர் வேறு வேலை தேட வேண்டியிருக்கும். அதற்குப் பின் பைலட்டை அவரே கேட்டு வாங்கத் தொடங்கினார்.

இன்னொரு விதியும் இதே நிகழ்விலிருந்து பிறந்தது. ஒரே ஆணியில் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு மஞ்சள் விழுந்தால், சூப்பர்வைசரும் செக்கிங்கும் சாம்பிளோடு அந்த மெஷினுக்கு வந்தே ஆக வேண்டும். ‘ஓட்டுங்க’ என்று சொல்லும் உரிமை அந்த இடத்தில் இல்லை.

கணக்கில் நுழைந்த கோணல்

எட்டாவது, ஒன்பதாவது ஸ்டைல்களில் மாற்று நேரம் திடீரென்று 4 மணிக்கு இறங்கியது. நம்ப முடியாத வேகம். பார்த்தால், லைன் நடுவில் நின்ற பாதித் தைத்த பீஸ்களைச் சேர்த்து வைத்து, ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கடைசி ஆபரேஷன்களில் ஆளைக் கூட்டி வெளியே தள்ளியிருந்தார்கள். அந்த ஒரு மணியில் 70 பீஸ், அடுத்த மணியில் 35. சூப்பர்வைசரைக் கண்டிக்கவில்லை, அளவு மாற்றப்பட்டது: செக்கிங்கில் பாஸ் ஆன பீஸ்கள் மட்டுமே, அதுவும் தொடர்ந்து இரண்டு மணி நேரம் முக்கால் பங்கு வந்தால்தான் கணக்கு. மாற்று நேரம் 6 மணிக்கு ஏறியது. உண்மையில் அது அவ்வளவு காலமும் ஆறாகவே இருந்திருக்கும்.

சீசனில் நின்றது, திரும்பியது

தீபாவளிக்கு முந்தைய ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஒன்றரை ஷிப்ட் ஓடிய வாரங்களில் கூட்டம் மூன்று ஸ்டைல்களுக்கு நடக்கவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. முதல் முறை “நாளைக்கு வெச்சுக்கலாம்” என்றார்கள், இரண்டாம் முறை யாரும் கேட்கவில்லை. மூன்றாவது ஸ்டைலின் மாற்று நேரம் எட்டரை மணி.

கூட்டம் மறுபடி கூடியபோது பலகையில் சிவப்பு குவிந்திருந்தது. பேட்லாக் (ஓரம் மடித்துத் தைக்கும் ஃபிளாட்லாக்) மெஷின்களில் கேஜ். ஒரு ஸ்டைலில் பாட்டம் ஹெம் 5.6 மில்லிமீட்டர், அடுத்ததில் 6.4. மாற்ற வேண்டுமென்றால் நீடில் கிளாம்ப், நீடில் பிளேட், ஃபீட் டாக், ஃபுட் எல்லாம் கழற்றி மாட்டி, லூப்பர் டைமிங் சரிசெய்ய வேண்டும். ஒரு மெஷினுக்கு முக்கால் மணி நேரம். இந்த லைனில் நான்கு பேட்லாக். இது தீர்ந்துபோன பிரச்சினை. நான்கு மாதம் முன்பே, ஸ்பெக் ஷீட் எனும் அளவுத்தாளிலிருந்து கேஜ் அளவை இரண்டு நாள் முன்னதாக மெக்கானிக்குக்குச் சொல்லிவிடுவது என்று ஏற்பாடாகி நன்றாக நடந்துகொண்டிருந்தது. சொல்லி வந்த மெர்ச்சண்டைசர் வேலை மாறிப்போனார். புதிதாக வந்தவருக்கு அப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது. அது எந்தத் தாளிலும் இல்லை, அந்த ஒருவரின் பழக்கத்தில் மட்டும் இருந்தது.

கூட்டம் நடந்திருந்தால் இது முதல் ஸ்டைலிலேயே பிடிபட்டிருக்கும். ஆனால் கூட்டம் மட்டும் போதாது என்பதும் இதில் தெரிந்தது. பழைய 31 வரி சீட்டு தூக்கி எறியப்பட்டு, ஒரு பக்கத்தில் 14 வரி கொண்ட புதிய சீட்டு தொடங்கப்பட்டது. கூட்டத்தில் எடுத்த செயல் தொடர்ந்து மூன்று ஸ்டைல்களில் பலன் தந்தால் அது சீட்டில் ஒரு வரியாகும். 14 நிரம்பிய பிறகு ஒரு வரி உள்ளே வர வேண்டுமென்றால் ஒரு வரி வெளியே போக வேண்டும். எதை நீக்குவது என்ற வாக்குவாதம் சில சமயம் 20 நிமிடத்தையும் தின்றுவிடும். ஆனால் அந்த வாக்குவாதத்தில்தான் சீட்டில் இருக்கும் மற்ற 13 வரிகளும் படிக்கப்படுகின்றன. ஒவ்வொரு வரிக்கும் எதிரில் பொறுப்பு பதவியின் பெயரில் எழுதப்பட்டது, ஆள் மாறினாலும் வரி மாறாது.

நெருக்கடி வாரங்களுக்கென்று பத்து நிமிடக் குறுங்கூட்டமும் வகுக்கப்பட்டது: போன முறை செயல்கள் நடந்தனவா, பலகையில் எது அதிகம், ஒரே ஒரு செயல். நெருக்கடியில் முழுக் கூட்டம் நடக்காது என்பதை ஒப்புக்கொண்டு சிறிதாக வைத்தது, நடக்கும் என்று நம்பி விட்டுவிட்டதைவிட மேல்.

பலனும் செலவும்

அடுத்த ஒன்பது மாதத்தில் மாற்று நேரம் பெரும்பாலும் 5 முதல் 6 மணிக்குள் நின்றது. ஏறக்குறைய ஆலோசகர் காலத்தில் எட்டிய அதே அளவுதான், அதைவிடப் பெரிதாகக் குறையவில்லை. வேறுபாடு, இந்த முறை அது மறுபடி ஏறிவிடவில்லை என்பது. தீபாவளி விடுமுறைக்குப் பிறகு ஊருக்குப் போன டெய்லர்களில் ஒன்பது பேர் திரும்பவில்லை, புதியவர்கள் வந்தார்கள். அந்த முதல் ஸ்டைலில் 7 மணி ஆனது, மூன்றாவதில் 6.

கூட்டத்தின் நேரடிச் செலவு ஒன்பது பேருக்கு 20 நிமிடம், அதாவது மூன்று ஆள்-மணி. பைலட்டின் 30, 40 பீஸ் அதற்கு மேல். மாற்று நேரம் மூன்று மணி குறைந்தால் 32 பேருக்கு 96 ஆள்-மணி. அந்த நேரத்தில் லைன் முழுதாக நின்றிருக்காது, மெதுவாக ஓடியிருக்கும் என்பதால் பாதியைத் தள்ளினாலும் கணக்கு தெளிவாகவே இருக்கிறது.

எல்லாப் பலனையும் கூட்டத்தின் கணக்கில் எழுதுவது சரியல்ல. இதே காலத்தில் உபரி பேட்லாக் மெஷின் இரண்டு வாங்கப்பட்டன. கேஜ் மாற்றும் நேரத்தில் ஒரு பகுதி அதனால் குறைந்தது. ஆல்ட்ரேஷன் குறைந்ததாகச் செக்கிங் சொல்கிறது, ஆனால் தொடக்கத்தில் அதை எண்ணி வைக்காததால் எவ்வளவு என்று காட்ட வழியில்லை.

மற்ற லைன்களில்

இதே நிறுவனத்தில் போலோ தைக்கும் இன்னொரு லைனுக்கு இந்த 14 வரி சீட்டு அப்படியே கொடுக்கப்பட்டது. ஒரு மாதத்தில் பழைய கதை, ஒரே பேனா டிக். பட்டி, காலர் வேலைக்கு இந்த வரிகள் உதவாது. சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு பலகையையும் துணித்துண்டையும் மட்டும் கொடுத்தபோது அந்த லைன் தன் சீட்டைத் தானே எழுதிக்கொண்டது. இரண்டு சீட்டிலும் பொதுவான வரிகள் ஐந்துதான்.

காண்ட்ராக்ட் லைனில் வேறு தடை. அங்கே பீஸ் ரேட். 20 நிமிடம் நின்று பேசினால் 20 நிமிடக் கூலி போச்சு. முதல் கூட்டத்துக்கு வந்த டெய்லர்கள் இரண்டாவதுக்கு வரவில்லை. பங்கேற்பவருக்கு அவரவர் முந்தைய வாரச் சராசரி வருமானத்திலிருந்து 20 நிமிடக் கூலி கணக்கிட்டுச் சனிக்கிழமைச் சம்பளத்தில் சேர்த்த பிறகே வந்தார்கள். துணித்துண்டு கட்டும் வேலை அங்கே இன்னும் சரியாக அமையவில்லை. நின்றால் நஷ்டம் என்பவர் நிற்பதற்குமுன் எதையாவது செய்து ஓட்டிவிடுகிறார், துண்டு விழுவதில்லை.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

கட்டிங் பொறுப்பாளரை முதல் கூட்டத்திலிருந்தே சேர்க்க வேண்டும். நீலத் துண்டுகளில் பெரும்பாலானவை, ரிப் விவகாரத்தில் பாதி, எல்லாம் அவர் மேஜையில் தீரக்கூடியவை. அவர் பத்தாவது கூட்டத்தில்தான் வந்தார், அதுவரை அவரைப் பற்றி மட்டுமே பேசப்பட்டது.

தொடங்குவதற்கு முன் மூன்று ஸ்டைல்களுக்காவது ஆல்ட்ரேஷனை ஆபரேஷன் வாரியாக எண்ணி வைக்க வேண்டும். மாற்று நேரத்தை முதல் நாளிலிருந்தே பாஸ் ஆன பீஸ் கணக்கில் அளக்க வேண்டும்.

கூட்டம் நடத்த இரண்டாவது ஆளை முதல் மாதத்திலேயே பழக்க வேண்டும். ஐ.இ. அலுவலர் ஒரு வருடத்துக்குள் வேறு பிரிவுக்குப் போனார். செக்கிங்கில் இருந்தவர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். நன்றாகவே நடத்துகிறார், ஆனால் ஹிந்தி பேசும் டெய்லர்கள் முன்புபோல் வாய் திறப்பதில்லை. லைனில் ஐந்து வருடம் இருக்கும் ஒடிசாக்காரர் ஒருவரை அவரோடு சேர்த்து நடத்தவைக்கும் ஏற்பாடு இப்போது நடக்கிறது.

பலகையில் இன்று அதிகம் தொங்குவது வெள்ளைத் துண்டு. லேபிளும் நூலும் பையரின் அப்ரூவலுக்காகக் காத்திருக்கின்றன, அதை ஒன்பது பேரில் யாராலும் இரண்டு நாளில் தீர்க்க முடியாது. கூட்டம் இப்போதைக்கு எடுத்திருக்கும் முடிவு, பக்கவாட்டு லேபிள் வராத ஸ்டைலை லைனில் ஏற்றுவதில்லை, அதற்குப் பதில் அடுத்த ஸ்டைலின் பைலட்டை முன்னே இழுப்பது. மெர்ச்சண்டைசிங் பிரிவு இதை இன்னும் ஏற்கவில்லை.